கண்நோய்க் காலத்தில் ஒரு சுற்றிவளைப்பு

அன்று விடியும்போது வீட்டில் இருந்தவர்கள் அப்பா, அம்மா, அக்கா, அக்காவின் கணவரான அத்தான், அவர்களுடைய கைக்குழந்தை, நான். இல்லாதவர் அண்ணன். முந்திய சுற்றிவளைப்பில் ஆமிக்காரர் அவரை லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பிறகு அவர் வரவில்லை. அவர் உடுத்தும் சாரத்தை அம்மா தோய்த்துக் காயவைத்து மடித்து, திரும்பவும் கொடியில் அதே இடத்தில் போடுவார்.

இருந்த ஆறு பேரில் நாலு பேருக்குக் கண் சிவந்திருந்தது. அக்காவும் குழந்தையும் மட்டும் தப்பியிருந்தார்கள்.

கண்நோய் ஊருக்குள் வந்தது நாங்கள் பாடசாலையில் தஞ்சம் இருந்த நாட்களில். வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். ஆமி முகாமிலிருந்து ஆற்றைத் தாண்டி, அக்கரையான படுவான்கரைக்கு அடித்த ஷெல்களில் சில கை சோர்ந்து எங்கள் வளவுகளுக்குள்ளேயே விழத் தொடங்கின. ஊர் முழுவதும் ஓடிப்போய் பாடசாலைக் கட்டடங்களுக்குள் நெருக்கியடித்துப் படுத்தது. அவ்வளவு சனத்துக்கும் ஒரு கிணறு, ஒரு வாளி. அழுகிற பிள்ளையின் முகத்தை யாருடைய முந்தானை கிட்ட இருந்ததோ அதனால் துடைத்தார்கள். ஷெல் ஓய்ந்து வீடு திரும்பியபோது பாதிச் சனத்துக்குக் கண்ணுக்குள் மணல் விழுந்தது போல அறுத்தது. காலையில் எழும்பினால் மஞ்சள் பீளை காய்ந்து இமைகள் ஒட்டிப்போயிருந்தன.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பாவும் அத்தானும் கையெழுத்துக்குப் பதிலாகப் பெருவிரலை வைப்பவர்கள். நான் அப்போது உயர்தரத்தில் விலங்கியல் படித்துக்கொண்டிருந்தேன். சுகாதாரப் புத்தகத்தில் கண்நோய்க்கென்று அரைப்பக்கம் இருந்தது. அந்த அரைப்பக்கத்தை வைத்துக்கொண்டு வீட்டை ஆண்டேன். ஆளுக்கு ஒரு துவாய், ஆளுக்கு ஒரு தலையணை. தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, பஞ்சில் நனைத்துக் கண்ணைத் துடைக்க வேண்டும். ஒரு கண்ணுக்கு வைத்த பஞ்சை மற்றக் கண்ணுக்கு வைக்கக் கூடாது. துடைத்த கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும். அநேகமாகத் தானாகவே மாறிவிடும். வெளிச்சம் பட்டுக் கண் குத்தினால், பார்வை மங்கினால், ஆசுப்பத்திரிக்கு ஓட வேண்டும்.

அம்மாவின் வைத்தியம் வேறு. தாய்ப்பாலை ஒரு தகரப் பேணி மூடியில் எடுத்துத் தரச் சொல்லி அக்காவிடம் கேட்டு, அதை அப்பாவின் கண்ணில் விடப் போனார். நான் பாய்ந்து தடுத்தேன்.

"கண்ணுக்குள்ள விடாதங்கம்மா. கிருமிக்கு நல்ல சாப்பாடு அது."

"நீயும் இதக் குடிச்சித்தான்டா வளந்த. அப்ப நீ என்ன, கிருமியா?"

அக்கா சிரித்ததில் மடியிலிருந்த பிள்ளை விழித்துக்கொண்டது. அப்பா ஒட்டிய கண்ணோடு வானத்தைப் பார்த்துக்கொண்டு, "டொக்டர் ஐயா சொல்றார், கேளுங்க. மறுகா பீசும் கேப்பார்" என்றார்.

நான் சொன்னதில் முக்கால்வாசியை ஏசிக்கொண்டாவது செய்தார்கள். ஒன்றை மட்டும் யாரும் கேட்கவில்லை.

எங்கள் பக்கத்தில் கண்நோய் பார்வையால் தொற்றும் என்பார்கள். நோய்க்காரன் ஒருவரைக் கண்ணுக்குக் கண் பார்த்தால் அவருக்கு அது போய்விடும். அதனால் கண்நோய் வந்தவர் துவாயைத் தலையில் போட்டுக்கொண்டு, முகத்தைக் குனிந்து, நிலத்தைப் பார்த்துத்தான் கதைப்பார். அது மரியாதை. நிமிர்ந்து பார்த்துக் கதைக்கிறவனை, "ஊருக்கே வருத்தத்தப் பரப்பப் பாக்கிறான், என்ன மனிசன் இவன்" என்று முகத்துக்கு நேரே ஏசுவார்கள்.

அத்தான் இந்த மரியாதையில் எல்லாரையும் விடக் கடுமை. அவர் வாகரையில் பிறந்தவர். எங்கள் பக்கத்து வழக்கப்படி கலியாணம் முடித்து அக்காவின் வீட்டுக்கு வந்தவர். பேச்சுக் குறைவு. அப்பாவுக்குத் தோணியும் அத்தானுக்கு வீச்சுவலையுமாக இரண்டு பேரும் ஆற்றில் உழைத்துத்தான் என்னுடைய பள்ளிக்கூடச் செலவும் ஓடியது. கண் சிவந்த நாளிலிருந்து அவர் குழந்தையின் முகத்தைப் பார்க்கவில்லை. குழந்தையின் சத்தம் கேட்டால் வேலியைப் பார்த்துக்கொண்டு நின்று, "புள்ள என்ன செய்யுது?" என்று கேட்பார்.

"சிரிக்கிறாள். வந்து பாருங்களன்" என்பார் அக்கா.

"நீ சொல்லு. அது காணும்."

எனக்குப் பொறுக்காது. "பாத்தா தொத்தாது அத்தான். கையாலதான் தொத்தும். நல்லாக் கையக் கழுவிப்போட்டுப் புள்ளையத் தூக்குங்க."

"உன்ட புத்தகம் பிழைச்சா நீ சோதினையில ஃபெயில். அவ்வளவுதான். என்ட புள்ளைக்குக் கண் போனா?"



வெயில் ஏறத் தொடங்கிய நேரத்தில் ஒலிபெருக்கி கத்தியது. ஆம்பிளைகள் எல்லாரும் அடையாள அட்டையோடு கோயில் வீதிக்கு வரவேண்டுமாம். அது சொல்லி முடிய முன்பே எங்கள் கிடுகு வேலியை உதைத்துத் தள்ளிக்கொண்டு ஆறேழு சீருடைக்காரர் வளவுக்குள் நின்றார்கள். அப்பா அட்டையைத் தேடி அறைக்குள் திரும்பினார். ஓடுகிறார் என்று நினைத்தார்களோ என்னவோ, ஒருவன் துவக்கைத் திருப்பிப் பிடித்து அவர் முதுகில் இடித்தான். அப்பா நெல்லு மூட்டை சரிந்தது போல விழுந்தார். கொதிக்கவைத்த தண்ணீர்ச் சட்டியை இன்னொருவன் காலால் தட்டிவிட்டான். சுடுதண்ணீர் அம்மாவின் பாதத்தில் கொட்டியது. குழந்தையை அக்காவின் முந்தானைக்குள் தள்ளி மறைப்பதில்தான் அவர் கவனம் இருந்தது.

கையைத் தலைக்கு மேல் தூக்கியபடி நடந்தோம். வழியில் நின்றவர்கள் ஏன் எதற்கு என்றில்லாமல், கடந்து போகிற ஒவ்வொரு முதுகிலும் ஒன்று வைத்தார்கள்.

கோயில் வீதியின் ஒரு கரையில் கதிரை ஒன்று போட்டு, அதில் ஒரு மனிதனைச் சாக்கு மூடி இருத்தியிருந்தார்கள். கண்ணுக்கு நேரே இரண்டு ஓட்டை. தலையாட்டி. அவன் யார் என்று எவருக்கும் தெரியாது. எங்கள் ஊரானாகக்கூட இருக்கலாம். ஒவ்வொருவரும் வரிசையில் வந்து, முகத்தை நிமிர்த்தி, அவன் கண்ணைப் பார்த்து நிற்க வேண்டும். அவன் தலையை மேலும் கீழும் ஆட்டினால் லொறி. பக்கவாட்டில் ஆட்டினால் மண்ணில் போய்க் குந்தலாம். அண்ணனும் இப்படி ஒரு சாக்குக்கு முன்னால் நின்றுதான் போனார்.

எனக்கு இரண்டு பேர் முன்னால் அத்தான். அப்பாவைப் பிந்திய வரிசையில் விட்டிருந்தார்கள்.

முதலில் போனவர் எங்கள் ஊர் பேக்கரிக்காரர். அவர் கண் இரண்டும் செம்பரத்தம்பூ. சாக்குக்காரன் தலையை ஆட்ட முன்பே பக்கத்தில் நின்ற சிப்பாய் அவர் கன்னத்தில் அறைந்தான்.

"டேய், கண் ஏன் சிவப்பு? இரவு நித்திரை இல்லை? எங்க காவல் நின்ற?"

"வருத்தம் ஐயா. கண்ல வருத்தம்."

"எல்லாருக்கும் வருத்தமா?"

வரிசையை அவன் திரும்பிப் பார்த்தான். நின்றவர்களில் பாதிப் பேருக்கு அதே சிவப்பு. இயக்கத்துக்காகக் காட்டுக்குள் விழித்திருந்து காவல் பார்த்துவிட்டு வந்தவர்கள் என்றே அவர்கள் முடிவெடுத்துவிட்டார்கள். அதன் பிறகு கண் சிவந்தவன் எவனோ, அவனுக்கு அடி. மயிரைப் பிடித்து இழுத்து, இமையை விரலால் பிரித்துப் பார்த்து, பார்த்த கையாலேயே அறைந்தார்கள். பேக்கரிக்காரரின் பல் ஒன்று மண்ணில் கிடந்தது. அவர் அதைக் காலால் மூடிக்கொண்டு நின்றார்.

அத்தானின் முறை கிட்ட வந்தது. அவர் துவாய் இல்லாமலும் முகத்தைக் குனிந்தபடியே நின்றதைப் பின்னால் இருந்து பார்த்தேன். மர நிழலில் ஓர் அதிகாரி நின்றார். வரிசையை விட்டு வெளியே வந்து அவரை நோக்கி இங்கிலீசில் கத்தினேன். உயிருள்ள ஒரு மனிதரிடம் நான் பேசிய முதல் இங்கிலீசு அதுதான்.

"சேர், இது கொன்ஜன்க்ரிவைற்றிஸ்! நித்திரை முழிச்சது இல்லை, சேர்! நோய்!"

ஒருவன் என்னை விழுத்தி முதுகில் சப்பாத்தை ஊன்றினான். அதிகாரி கையைக் காட்டி அவனை நிறுத்தினார். கிட்ட வந்து என் முகத்தைக் குனிந்து பார்த்தார்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"படித்தேன் சேர்."

"எப்படித் தொற்றும்?"

"கையால், சேர். தொட்டால் தொற்றும்."

அவர் தன் ஆட்களின் கைகளைப் பார்த்தார். பிறகு சிங்களத்தில் ஏதோ சொன்னார். அடித்துக்கொண்டிருந்தவர்கள் சட்டென்று கையை இழுத்துக்கொண்டார்கள். இரண்டு மூன்று பேர் கோயில் கிணற்றடிக்கு ஓடித் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார்கள். ஒரு நிமிடம் எனக்கு மூச்சு வந்தது. அரைப்பக்கம் எங்களைக் காப்பாற்றிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

கழுவிவிட்டு வந்தவர்களில் ஒருவன் வேலியிலிருந்த பூவரசங்கம்புகளைக் கத்தியால் வெட்டி எல்லாருக்கும் கொடுத்தான். அதற்குப் பிறகு யாரும் எங்களைக் கையால் தொடவில்லை. கம்பால் அடித்தார்கள். சப்பாத்தால் உதைத்தார்கள். நாடியை நிமிர்த்த விரலுக்குப் பதிலாகத் துவக்கு நுனி வந்தது.

அத்தான் சாக்குக்கு முன்னால் போய் நின்றார். முகம் நிலத்தில்.

"டேய், பார்!"

அவர் குனிந்தே நின்றார். துவக்கு நுனி நாடிக்குக் கீழே போய் முகத்தை மேலே தள்ளியது. முகம் நிமிர்ந்தது, கண்ணை மூடிக்கொண்டார். கம்பு தோளில் விழுந்தது. திரும்பவும் விழுந்தது. சேட்டுக் கிழிந்து சதை பிரிவதைப் பார்த்தேன்.

"கண் திற! அவனைப் பார்!"

"எனக்கு வருத்தம் ஐயா. பாத்தா அவருக்குத் தொத்திரும்."

இதை அவர் ஒரு கல்யாண வீட்டில் வெற்றிலைத் தட்டத்தை வேண்டாம் என்று சொல்பவர் போல அவ்வளவு தாழ்மையாகச் சொன்னார். சிப்பாய்க்கு அது விளங்கவில்லை. விளங்கியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டான். தலையாட்டியின் கண்ணைப் பார்க்க மாட்டேன் என்கிறவன் அவனுடைய கணக்கில் இயக்கக்காரன்தான். அவன் அத்தானின் அட்டையை வாங்கிப் பிறந்த ஊரைப் பார்த்தான். அது இயக்கத்தின் கையில் இருந்த பக்கம்.

"வாகரை! இங்க என்ன செய்ற?"

அத்தான் வாய் திறக்க முன்பு துவக்குப் பிடி சுழன்று வந்து இடது கண்ணில் விழுந்தது. பச்சைத் தேங்காயில் கத்தி இறங்குகிற மாதிரி ஒரு சத்தம். அவர் முழங்காலில் இருந்தார். இரண்டு கையாலும் முகத்தைப் பொத்தியிருந்தார். விரல்களுக்கிடையால் இரத்தமும் வேறு ஏதோ தண்ணீர் போன்றதும் வழிந்தது.

கதிரையில் இருந்த சாக்கு அப்போது அசைந்தது. மேலும் கீழுமாக அல்ல, பக்கவாட்டில். ஒருதரம் ஆட்டிவிட்டு, யாரும் பார்க்கவில்லையோ என்று திரும்பவும் ஆட்டினான். இல்லை, இவன் இல்லை. ஆனால் அத்தானை அதற்குள் லொறிப் பக்கம் இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

எனக்கும் அவன் பக்கவாட்டில்தான் ஆட்டினான். நான் அவன் கண்ணை நேரே பார்த்தேன். அந்த இரண்டு ஓட்டைகளுக்குள்ளும் கண்கள் சிவப்பில்லாமல் வெள்ளையாக இருந்தன.

அக்கா ஒவ்வொரு நாளும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு முகாம் வாசலுக்குப் போனார். துணைக்கு நான். அம்மாவால் காலை ஊன்ற முடியவில்லை, அப்பாவால் நிமிர முடியவில்லை. வாசலில் இன்னும் பல பெண்கள் இருந்தார்கள். "அப்படி ஒருத்தரும் உள்ள இல்லை" என்பதே பதில். அண்ணனுக்கும் இதே வாசலில் இதே பதில்தான் கிடைத்திருந்தது.

பிறகொரு நாள் காவலுக்கு நின்றவன் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தான். கண்ணாடிக்குக் கீழே விரலை விட்டுத் தேய்த்துக்கொண்டேயிருந்தான். எனக்கு விளங்கிவிட்டது. பின்னால் மண்மூட்டைகளுக்கு மேல் தெரிந்த முகங்களும் வீங்கியிருந்தன. கோயில் வீதியில் இமை பிரித்துப் பார்த்த கைகள்.

அன்று அந்த அதிகாரி வாசலுக்கு வந்தார். அவருடைய கண்ணும் சிவப்பு. என்னை அடையாளம் கண்டு விரலால் கூப்பிட்டார்.

"படித்தவன் நீதானே? இது எப்படி நிற்கும்?"

அரைப்பக்கத்தை வரி வரியாகச் சொன்னேன். கொதித்தாறிய தண்ணீர். தனித்தனித் துவாய். கை கழுவுவது. அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். கடைசி வரிக்கு வந்தபோது என் நாக்கு நின்றுவிட்டது. நோயுள்ளவர்களை மற்றவர்களிடமிருந்து பிரிக்க வேண்டும் என்பது அந்த வரி. எங்கள் ஊரில் பிடித்த, கண் சிவந்தவர்கள் உள்ளே இருக்கும்வரை இது முகாமுக்குள் சுற்றிச் சுற்றி வரும் என்று சொல்லலாம். சொன்னால் விடுவார்கள். ஆனால் ஒரு நோய்க்காரனை முகாமுக்குள் இல்லாமல் செய்ய அவர்களிடம் இரண்டு வழிகள் இருந்தன. அண்ணனை எந்த வழியில் அனுப்பினார்கள் என்று இன்றைக்கும் எங்களுக்குத் தெரியாது.

பக்கத்தில் அக்கா. அவருக்கு இங்கிலீசு தெரியாது. என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னடா கேக்கிறான்? ஏன் நிப்பாட்டினாய்? சொல்லு" என்றார்.

சொன்னேன். "உள்ளே இருக்கிற நோய்க்காரர்களை வீட்டுக்கு அனுப்புங்கள் சேர். வீட்டில் நாங்கள் பார்த்துக்கொள்வோம். இவர் அதில் ஒருவரின் மனைவி. இது அவருடைய பிள்ளை." வீட்டுக்கு என்ற சொல்லை இரண்டு தரம் சொன்னேன்.

அவர் குழந்தையைப் பார்த்தார். அக்கா பதறி அதன் முகத்தை மூடிக்கொண்டார். கண்நோய்க்காரன் பார்க்கிறானே என்ற பயம். அதிகாரி திரும்பிப் போனார். அந்தப் பொழுது முழுக்க எங்கள் காது முகாமுக்குள்ளேயே இருந்தது. வெடிச்சத்தம் கேட்கக் கூடாது என்று மட்டும் நான் வேண்டிக்கொண்டிருந்தேன். வெயில் சாயும் நேரத்தில் தடையைத் தூக்கி ஐந்தாறு பேரை வெளியே தள்ளினார்கள். சாரத்தைக் கிழித்து முகத்தில் சுற்றிக்கொண்டு கடைசியில் வந்தவர் அத்தான்.

வீட்டில் அந்தத் துணியை நனைத்து நனைத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. உள்ளே இருந்ததைக் கண் என்று சொல்ல ஏலாது. அடிபட்ட இடத்தில் சீழ் கட்டி, மணத்தது. அம்மா பேணி மூடியைத் தேடவில்லை. என்னைத்தான் பார்த்தார். வலது கண்ணை ஒரு பஞ்சாலும் இடது பக்கத்தை வேறு பஞ்சாலும் துடைத்தேன். அத்தான் வலியில் பாயைப் பிய்த்தார்.

"ஏன் அத்தான் பாக்கல்ல? ஒருக்காப் பாத்திருந்தா விட்டிருப்பானே! அவன் உங்களத் தெரியாதெண்டுதானே தலையாட்டினான்!"

"எனக்கு எப்படித் தெரியும், தம்பி? சாக்குக்குள்ள இருந்தவனுக்கும் புள்ளகுட்டி இருக்கும்தானே."

அக்கா பொங்கிவிட்டார். "அவன்ட புள்ளைக்குப் பாவம் பாத்தீங்க. எங்கட புள்ளைக்கு ஆர் பாவம் பாக்கிற? ஒரு சொல்லு, ஒரே ஒரு பார்வை... என்ன மனிசன் நீங்க!" அவருடைய முதுகில் இரண்டு கையாலும் குத்தினார். கம்படி பட்ட முதுகு. அத்தான் விலகவில்லை. அம்மாதான் இழுத்துப் பிடித்தார்.

அடுத்த நாள் காலையில் வாடகை வான் பிடித்து, காவலரண் காவலரணாக இறங்கி ஏறி, ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஒவ்வொரு இடத்திலும் கட்டை அவிழ்த்துக் காட்டச் சொன்னார்கள். டொக்டர் பார்த்துவிட்டு என்னை வெளியே கூப்பிட்டார். உடைந்த கண்ணை எடுக்க வேண்டும், விட்டுவைத்தால் சில வேளை நல்ல கண்ணும் அதைப் பார்த்துப் பழுதாகிவிடும் என்றார். அது என் புத்தகத்தில் இருக்கவில்லை. ஒரு கண் பக்கத்துக் கண்ணைக் கெடுக்கும் என்று படித்த ஒரு மனிதர் சொன்னதை அத்தானிடம் போய்ச் சொன்னேன். அவர் அதை உடனே நம்பினார். பெருவிரலை நீட்டினார்.

கண்டியில் ஒரு கண்ணாடிக் கண் வைக்கலாம் என்று சொல்லி அங்கேயும் கொண்டுபோனோம். மாதக்கணக்கில் போவதும் வருவதுமாக இருந்தது. அதற்கு அப்பா தோணியை விற்றார். வலையை விற்கவில்லை. ஆனால் ஒரு கண்ணால் அத்தானுக்குத் தண்ணீரின் தூரம் பிடிபடவில்லை. கரையில் நின்று வீசினால் வலை விரியாமல் ஒரு பக்கமாக மடிந்து விழும். கிரான் என்ற ஊரில் ஒருவருடைய வயலில் நாட்கூலிக்குப் போனார்.

இடது கண்ணை எடுத்து வீட்டுக்கு வந்த நாட்களில், வலது கண்ணின் சிவப்பு முற்றாக மாறிய பிறகும் அவர் குழந்தையைப் பார்க்கத் தயங்கினார். நான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அவள் கிடந்த ஏணைக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். அவர் என்னைப் பார்த்தார்.

"உன்ட புத்தகம் இதுக்கும் பொறுப்போ?"

"ஓம் அத்தான்."

குனிந்து பார்த்தார். அவர் பார்க்காமல் இருந்த நாட்களில் அவளுக்கு முன்பல் முளைத்திருந்தது. கட்டுப் போட்ட முகத்தைக் கண்டு வீரிட்டு அழுதாள். அவர் கழுவிய கையாலேயே அவளைத் தூக்கினார்.

எங்களுக்கு ஆன செலவைச் சொல்வதென்றால் இவ்வளவுதான்: அத்தானின் இடது கண், அப்பாவின் தோணி. அண்ணன் இந்தக் கணக்கில் சேரமாட்டார். அவர் அதற்கு முந்திய சுற்றிவளைப்பில் போனவர்.